மீன் கண்ணிலிருந்து ஆப்சின் வம்ச மரம்: நீங்களே கட்டிப் பார்க்கும் முறை

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு வரும் கொடுவாவின் கண்ணிலும், அதை விலை கேட்பவரின் கண்ணிலும் ஒளியைப் பிடிப்பது ஒரே குடும்பத்துப் புரதம்தான். அதன் பெயர் ஆப்சின். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறைத் தன் நடுவில் பூட்டி வைத்திருக்கும். ஒளி பட்டதும் ரெட்டினால் நிமிர்கிறது, புரதம் உருவம் மாறுகிறது, செல்லுக்குச் செய்தி போகிறது. இந்தக் குடும்பம் முதுகெலும்புள்ள உயிர்களில் எப்படிக் கிளை பிரிந்தது என்பதைப் பாடமாகப் படிப்பதைவிட, மரத்தை நாமே கட்டிப் பார்ப்பது பல மடங்கு தெளிவு தரும். வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ விலங்கியல் படிக்கும் மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலை இது. 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், நெட் இணைப்பு, ஒரு நோட்டு போதும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

மொத்தம் 29 புரத வரிசைகளை எடுக்கப் போகிறோம். வரிசை என்பது ஒரு புரதத்தில் அமினோ அமிலங்கள் கோத்திருக்கும் ஒழுங்கு, ஒவ்வொரு அமிலத்துக்கும் ஒரு ஆங்கில எழுத்து. அவை எங்கே ஒத்து, எங்கே மாறுகின்றன என்பதை வைத்துத்தான் மென்பொருள் மரம் வரையும். கணினிக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். மீதி நேரமெல்லாம் சரிபார்ப்பதில் போகும், போகவும் வேண்டும்.

பெயர்களில் இருக்கும் பொறி

பார்வைக்கான ஆப்சின்கள் ஐந்து வகை. எல்டபிள்யூஎஸ் நீண்ட அலைகளை, ஏறக்குறைய 500 முதல் 570 நானோமீட்டர் வரை, பிடிப்பது. எஸ்டபிள்யூஎஸ்1 புற ஊதாவிலிருந்து ஊதா வரை, 355 முதல் 445. எஸ்டபிள்யூஎஸ்2 நீலம், 400 முதல் 470. ஆர்எச்2 பச்சை, 480 முதல் 530. இந்த நான்கும் விழித்திரையில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்களில் இருப்பவை. ஐந்தாவது ஆர்எச்1, அதாவது ரோடாப்சின், 500 நானோமீட்டரை ஒட்டி வேலை செய்வது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சிச் செல்களில் இருப்பது இதுதான்.

டேட்டாபேஸில் இந்தப் பெயர்களைத் தேடினால் நேராகக் கிடைக்காது. அங்கே பழைய பெயர்கள்: சிவப்பு ஆப்சின், பச்சை ஆப்சின், நீல ஆப்சின். முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. மனிதரின் 'பச்சை' ஆப்சின் எல்டபிள்யூஎஸ் வகை. கோழியின் 'பச்சை' ஆர்எச்2 வகை. நிறப்பெயர் ஒன்று, குடும்பம் வேறு. அதேபோல மனிதரின் 'நீலம்' எஸ்டபிள்யூஎஸ்1, கோழியின் 'நீலம்' எஸ்டபிள்யூஎஸ்2. ஜீப்ரா மீனில் நடுத்தர அலை என்று பெயரிட்ட நான்கு மரபணுக்களும் ஆர்எச்2 வகை. மனிதரில் அதே பெயருள்ளது எல்டபிள்யூஎஸ். ஆகவே டவுன்லோடு செய்யும்போதே வகையை முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய பெயரை அப்படியே நோட்டில் எழுதுங்கள். எது எந்த வகை என்பதை மரம் சொல்லட்டும்.

வரிசைகளைச் சேர்ப்பது

யூனிப்ராட் என்ற புரத டேட்டாபேஸ் தளத்தில் மாட்டு ரோடாப்சினிலிருந்து தொடங்குங்கள். அதன் எண் பி02699, நீளம் 348 அமினோ அமிலங்கள். உலகம் முழுவதும் ஆப்சின் ஆய்வாளர்கள் இடங்களைக் குறிப்பது இந்த மாட்டுப் புரதத்தின் எண்ணிக்கையை வைத்துத்தான். 2000-இல் முதன்முதலாக முப்பரிமாண உருவம் தெரியவந்த ரோடாப்சினும் இதுவே. பிறகு மனிதருடைய நான்கு: ரோடாப்சின் பி08100, நீலம் பி03999, பச்சை பி04001, சிவப்பு பி04000. கோழியில் ஐந்து. ஜீப்ரா மீனில் கூம்பு ஆப்சின் எட்டும், கண்ணின் ரோடாப்சின் ஒன்றும், ஆக ஒன்பது. கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் ஜீப்ரா என்று கேட்டால் தரும் அதே கோடு போட்ட சின்ன மீன்தான் இது.

அடுத்தது லாம்ப்ரே. தாடை இல்லாத, விலாங்கு போன்ற உயிர். நம் கடலில் கிடைக்காது, ஆனால் இந்த வேலையில் அதை விடவே கூடாது. தெற்கு அரைக்கோளத்தில் வாழும் ஜியோட்ரியா ஆஸ்ட்ராலிஸ் என்ற இனத்தின் ஐந்து ஆப்சின்களையும் எடுங்கள். இதில் கடைசி இரண்டுக்கு ஆர்எச்.ஏ, ஆர்எச்.பி என்று பெயரிட்டிருப்பார்கள்.

நம் ஊர்ப் பங்குக்குக் கொடுவா. அறிவியல் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். எண்ணூர் முகத்துவாரத்திலும் கடலிலும் மாறி மாறி வாழும் மீன், முழு மரபணுத் தொகுதி 2016-இல் வெளியாகிவிட்டது. என்சிபிஐ என்ற மரபணுத் தகவல் தளத்தில் ஜீப்ரா மீனின் ரோடாப்சினை வைத்து, இனத்தைக் கொடுவா என்று மட்டும் கட்டுப்படுத்தி, புரதத் தேடல் ஓட்டுங்கள்.

இங்கே கவனம். எலும்பு மீன்களில் ரோடாப்சின் போலவே இருக்கும் இரண்டு பொருள் வரும். ஒன்று கண்ணில் இருப்பது. இன்னொன்று எக்ஸோ-ரோடாப்சின், மூளையை ஒட்டிய பினியல் சுரப்பியில் இருப்பது. எது எது என்று பிரிக்க எளிய வழி மரபணுவின் அமைப்பைப் பார்ப்பது. எக்ஸோ-ரோடாப்சின் மரபணுவில் இன்ட்ரான்கள், அதாவது புரதமாகாமல் வெட்டி எறியப்படும் நடுத்துண்டுகள், உண்டு, மனித ரோடாப்சினில் இருப்பதுபோல நான்கு. மீன் கண்ணின் ரோடாப்சின் மரபணுவில் இன்ட்ரானே கிடையாது. இந்த மீன்களின் மூதாதையில் ஆர்.என்.ஏ-விலிருந்து திரும்ப டி.என்.ஏ-வாக எழுதப்பட்டு வேறிடத்தில் செருகிக்கொண்ட நகல் அது. கண்ணின் வேலையை நகல் எடுத்துக்கொண்டது, மூலம் பினியலுக்கு ஒதுங்கிவிட்டது. தேடலில் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு போனால், கண்ணைப் பற்றிய மரத்தில் பினியல் புரதம் உட்கார்ந்திருக்கும். ஜீப்ரா மீனின் எக்ஸோ-ரோடாப்சினையும் ஒன்று வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுவாவுக்குத் தவறானதை எடுத்திருந்தால் அதன் பக்கத்தில் போய் ஒட்டி, தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக வேர் பிடிக்க மூன்று வெளி உறவுகள்: பினாப்சின், வி.ஏ. ஆப்சின், பாராபினாப்சின். இவையும் முதுகெலும்பிகளின் ஒளி உணர் புரதங்களே, ஆனால் பார்வைக்கானவை அல்ல. வேர் இல்லாமல் மரம் வரைந்தால் எது முதலில் பிரிந்தது என்று சொல்லவே முடியாது.

ஒவ்வொன்றையும் ஃபாஸ்டா வடிவத்தில், அதாவது மேலே ஒரு தலைப்பு வரி, கீழே வரிசை என்று, ஒரே நோட்பேட் கோப்பில் ஒட்டுங்கள். தலைப்பு வரியில் இடைவெளி விடக்கூடாது. இனம், அடிக்கோடு, பழைய பெயர் என்று ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். இடைவெளி இருந்தால் பல மென்பொருள்கள் முதல் சொல்லோடு வெட்டிவிடும். அப்புறம் நான்கு கிளையில் 'மனிதர்' என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு வரிசையும் மெத்தியோனினில், அதாவது எம் எழுத்தில், தொடங்குகிறதா, நீளம் 330-க்கும் 380-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். 210 நீளத்தில் ஒன்று வந்தால் அது அரைகுறைத் துண்டு, விடுங்கள். வி.ஏ. ஆப்சினில் மட்டும் வால் நீண்ட வடிவங்களும் உண்டு, பயப்பட வேண்டாம்.

அடுக்குவதும் எண்ணுவதும்

அடுக்குவது என்றால் எல்லா வரிசைகளிலும் ஒன்றுக்கொன்று நேரான இடங்களை ஒரே நெடுவரிசையில் கொண்டுவருவது. அதைச் செய்யும் மாஃப்ட் ஆன்லைன் தளத்தில் கோப்பை ஏற்றித் தானியங்கி அமைப்பிலேயே ஓட்டுங்கள். வரும் முடிவை ஆலிவியூ மென்பொருளில் திறந்தால் 29 வரிசைகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிறம் நிறமாக நிற்கும். உடனே மரத்துக்குப் போகாதீர்கள். அடுக்கு தப்பாக இருந்தால் மரமும் தப்பு, ஆனால் மென்பொருள் அதைச் சொல்லாது. தப்பான அடுக்குக்கும் அழகான மரம் வரைந்து கொடுக்கும்.

சரிபார்க்க மூன்று அடையாளக் கற்கள். முதலாவது, மாட்டு வரிசையில் 296-ஆம் இடத்தில் இருக்கும் லைசின், எழுத்து கே. ரெட்டினாலைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அது. அந்த நெடுவரிசையில் மேலிருந்து கீழ் வரை 29 வரிசையிலும் கே மட்டுமே இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் அடுக்கு நகர்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் எடுத்தது ஆப்சினே அல்ல. கண்டுபிடிப்பது சுலபம்: மாட்டில் கே-டி-எஸ்-ஏ-வி-ஒய்-என்-பி என்று வரும் தொடரின் முதல் எழுத்து. இரண்டாவது, 113-ஆம் இடத்தின் குளுட்டமிக் அமிலம், எழுத்து இ. பார்வை ஆப்சின்களில் கொக்கியின் நேர் மின்னூட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது. மாட்டில் இதை மட்டும் குளுட்டமினாக மாற்றினால் புரதம் 500-ஐ விட்டுப் புற ஊதா பக்கம், 380-க்குப் போய்விடும். மூன்றாவது 110, 187 ஆகிய இரண்டு இடங்களின் சிஸ்டீன்கள். இரண்டும் சேர்ந்து புரதத்தைக் கட்டிப் பிடிக்கும் கந்தகப் பாலம்.

எண் கணக்கில் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். திரையில் மேலே ஓடும் எண் நெடுவரிசை எண். நடுவில் கோடு போட்ட இடைவெளிகள் விழுந்திருப்பதால் அது மாட்டு எண்ணோடு ஒத்துப் போகாது. மாட்டு வரிசையில் எழுத்துகளை மட்டும் எண்ண வேண்டும். அதோடு எல்டபிள்யூஎஸ் ஆப்சின்கள் முன்பக்கம் 16 அமினோ அமிலம் கூடுதலாக நீண்டவை. மனிதரின் சிவப்பும் பச்சையும் 364 நீளம். ஆகவே மாட்டின் 296 அங்கே 312. நிறக்குருடு பற்றிய கட்டுரைகளில் வரும் 180, 277, 285 எல்லாம் சிவப்பு ஆப்சினின் எண்கள். மாட்டுக் கணக்கில் அவை 164, 261, 269. நோட்டில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுக்கு சரி என்று தெரிந்ததும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அப்படியே, பிற்பாடு இடங்களைப் பார்க்க. இன்னொன்றில் மாட்டின் 30-க்கு முன்னாலும் 322-க்குப் பின்னாலும் உள்ளதை வெட்டிவிடுங்கள். தலையும் வாலும் இனத்துக்கு இனம் கண்டபடி மாறுவதால், எது எதற்கு நேர் என்றே உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி அது.

மரம்

வெட்டிய பிரதியை மரம் கட்டும் ஐகியூ-ட்ரீ வெப் சர்வரில் ஏற்றுங்கள். புரத வரிசை என்று குறியுங்கள், மாடலைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடுங்கள், அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் 1000. வரும் கோப்பை மரத்தைக் காட்டும் ஃபிக்ட்ரீ மென்பொருளில் திறந்து, பாராபினாப்சின் கிளையைத் தேர்ந்தெடுத்து அங்கே வேர் வையுங்கள். கணுக்களில் பூட்ஸ்ட்ராப் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கிளைப் பிரிவை எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்குச் சொல்லும் எண் அது. இந்த அதிவேக முறையில் 95-ம் அதற்கு மேலும் இருந்தால்தான் நம்பலாம். 70 போதும் என்று சொல்லித் தருவது பழைய வகைப் பூட்ஸ்ட்ராப்புக்குப் பொருந்தும், இதற்கு அல்ல.

இப்போது படியுங்கள், அவசரப்படாமல். முதலில் பிரிந்து நிற்பது எல்டபிள்யூஎஸ். பிறகு எஸ்டபிள்யூஎஸ்1, பிறகு எஸ்டபிள்யூஎஸ்2. கடைசியில் ஆர்எச்2-ம் ஆர்எச்1-ம் ஒட்டிய உடன்பிறப்புகளாக நிற்கும். வரிசைகள் குறைவாக இருப்பதால் நடுக்கணு ஒன்றிரண்டில் எண் 95-க்குக் கீழே இறங்கலாம். அப்படி வந்தால் இன்னும் சில இனங்களைச் சேர்த்து ஓட்டுங்கள். தவளை, பல்லி, சீலகாந்த் என்ற பழைய வம்ச மீன் ஆகியவை நல்ல தேர்வு.

இந்த வரிசையில் ரோடாப்சின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடியில் இல்லை, நுனியில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் பார்வை எளிமையானது, அதனால் அது முதலில் வந்திருக்கும், நிறம் பிறகு சேர்ந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மரம் நேர் எதிராகச் சொல்கிறது. நிறம் பிரிக்கும் கூம்பு ஆப்சின்கள் மூத்தவை. இருட்டுக்கான ரோடாப்சின் ஒரு கூம்பு ஆப்சினின் நகலிலிருந்து பிறந்த கடைக்குட்டி. இந்த ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்க்கத்தான் இத்தனை வேலையும்.

லாம்ப்ரே எங்கே போயிற்று என்று அடுத்துப் பாருங்கள். அதன் ஐந்து ஆப்சினும் ஒரே கொத்தாக நிற்காது. ஐந்து வகையிலும் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்திருக்கும். தாடை உள்ளவையும் இல்லாதவையும் பிரிந்து ஏறக்குறைய 50 கோடி ஆண்டு ஆகிறது. ஐந்தும் இரு பக்கமும் இருப்பதால், ஐந்து வகையும் அந்தப் பிரிவுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். லாம்ப்ரேயை விட்டுவிட்டால் இந்த வாதமே எழாது.

மனிதர் பக்கம் வந்தால் ஆர்எச்2-ம் எஸ்டபிள்யூஎஸ்2-ம் காலி. குட்டி போட்டு நஞ்சுக்கொடியோடு வளர்க்கும் பாலூட்டிகள் எல்லாம் இந்த இரண்டையும் தொலைத்துவிட்டன. டைனோசார் காலத்தில் நம் முன்னோர் நீண்ட காலம் இரவில் வாழ்ந்ததே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸ் மாறாக எஸ்டபிள்யூஎஸ்2-ஐ வைத்துக்கொண்டு எஸ்டபிள்யூஎஸ்1-ஐ விட்டது. மனிதரின் பச்சை, தொலைந்த பழைய பச்சை அல்ல. எக்ஸ் குரோமோசோமில் இருந்த எல்டபிள்யூஎஸ் மரபணு, ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளின் மூதாதையில் 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டானபோது கிடைத்த புதுப் பச்சை. இரண்டும் 364-இல் 15 இடத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்ளவும் செய்கின்றன. அதனால் மனிதர், சிம்பன்சி, மக்காக் குரங்கு மூன்றின் சிவப்பு, பச்சையைச் சேர்த்து ஓட்டினால், இனத்துக்கு இனம் தனியாக இரட்டித்தது போல மரம் காட்டக்கூடும். நம்பாதீர்கள். அது இந்தத் துண்டு மாற்றத்தின் சுவடு. மீன்களின் ஆர்எச்2 நகல்களிலும் இதே சிக்கல் வரும்.

இன்னொன்று: ஒரு மரபணு தேடலில் வரவில்லை என்றால் அது இல்லை என்று எழுதிவிடக் கூடாது. மரபணுத் தொகுதியில் ஓட்டை இருக்கலாம். பெரும்பாலான மீன்களில் எஸ்டபிள்யூஎஸ்2-ம் எல்டபிள்யூஎஸ்-ம் அடுத்தடுத்த வீடு. அக்கம் பக்கத்து மரபணுக்கள் சரியாக இருந்து, நடுவில் இது மட்டும் காணவில்லை என்றால்தான் தொலைந்தது என்று எழுதலாம்.

கூம்பு எப்படிக் குச்சியானது

வெட்டாத பிரதியைத் திறந்து மாட்டின் 122, 189 என்ற இரண்டு இடங்களைப் பாருங்கள். ரோடாப்சின்களில் 122-இல் குளுட்டமிக் அமிலம், 189-இல் ஐசோலூசின். கோழியின் பச்சையில் அதே இடங்களில் குளுட்டமினும் புரோலினும். சின்ன மாற்றம்தான், ஆனால் ஒளி பட்டுக் கிளர்ந்த நிலையில் புரதம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை இவை பெரிதும் தீர்மானிக்கின்றன. கூம்பு ஆப்சின் சீக்கிரம் அடங்கி அடுத்த ஒளிக்குத் தயாராகும். ரோடாப்சின் நிதானமாக நீடிக்கும். ஒற்றை ஒளித்துகளையும் வீணாக்காமல் செய்தியாக்க இந்த நிதானம் உதவுகிறது. அதோடு இன்னொரு தகுதி அமைதி. ஒரு குச்சிச் செல்லில் ஏறக்குறைய 10 கோடி ரோடாப்சின் இருக்கிறது. ஒரு தனி மூலக்கூறு ஒளியே இல்லாமல் வெப்பத்தால் தானாகத் தூண்டப்பட நூற்றுக்கணக்கான ஆண்டு ஆகும். அப்படியிருந்தும் செல் மொத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு பொய்ச் செய்தி வந்துவிடுகிறது. இதைவிடச் சலசலப்பான புரதத்தை வைத்து இருட்டில் பார்க்க முடியாது.

கண்ணைத் திறந்து பார்க்க விரும்பினால்

காசிமேட்டில் கொடுவா அல்லது சங்கரா தலை ஒன்று வாங்குங்கள். கண் புடைத்து, கருவிழி தெளிவாக, செவுள் சிவந்து இருக்க வேண்டும். பால் போல மங்கிய கண் உதவாது. ஐஸில் கொண்டுவந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடியுங்கள். வெள்ளை விழியில், கருவிழி விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் பின்னால் பிளேடால் ஒரு சிறு கீறல் போட்டு, அதில் கூர்மையான சின்னக் கத்தரியை நுழைத்துச் சுற்றி வெட்டுங்கள். கருவிழியைப் பிளேடால் அழுத்தினால் உள்ளே இருப்பது பிதுங்கி விழித்திரை கிழிந்துவிடும். லென்ஸ் கோலிக்குண்டு போல முழு உருண்டையாக வெளியே வரும். தண்ணீருக்குள் கருவிழியால் ஒளியைக் குவிக்க முடியாது, முழு வேலையும் லென்ஸின் தலையில். கிண்ணத்தில் மிஞ்சுவதில் உள்பக்கம் ஈரமான டிஷ்யூ பேப்பர் போல ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. அதன் பின்னால் கரிய அடுக்கு. ஆப்சின் எல்லாம் அந்தப் படலத்தின் கரிய அடுக்கைத் தொடும் பக்கத்தில் இருக்கிறது.

ரோடாப்சினின் இளஞ்சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். 1876-இல் ஃபிரான்ஸ் போல் (Franz Boll) என்ற ஆய்வாளர் தவளை விழித்திரையில் பார்த்தது போல, இருட்டில் வைத்திருந்த கண்ணில்தான் அது தெரியும். வெளிச்சம் பட்டால் கண்ணெதிரே வெளுத்துவிடும். ஏல விளக்கிலும் வெயிலிலும் கிடந்த மீனில் அது ஏற்கெனவே போயிருக்கும்.

261-ஆம் இடம்

கடைசி வேலை இது. கடல் நீல ஒளியை ஆழத்துக்கு அனுப்பும். எண்ணூர் முகத்துவாரம் போன்ற கலங்கிய கழிமுகத் தண்ணீர் நீலத்தை விழுங்கிச் சிவப்புப் பக்கத்து ஒளியை மிச்சம் விடும். கண்ணின் புரதம் இதற்கு ஏற்றபடி நகர வேண்டும். எந்த இடத்தில் நகர்கிறது என்று பார்க்க மாட்டு வரிசையில் சி-டபிள்யூ-எல்-பி-ஒய் என்ற தொடரைத் தேடுங்கள். சி-க்கு மூன்று எழுத்து முன்னால் இருப்பது 261. மாட்டில் அங்கே எஃப், ஃபினைல்அலனின். அது ஒய், அதாவது டைரோசின் ஆனால் ரோடாப்சின் ஏறக்குறைய 10 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் போகும். உப்புக் குறைந்த பால்டிக் கடலுக்குள் குடியேறிய ஹெர்ரிங் மீனில் நடந்தது இதுவே. நன்னீருக்கும் கழிமுகத்துக்கும் போன வேறு பல மீன்களிலும் இதே மாற்றம் தனித்தனியாக வந்திருக்கிறது.

டைரோசினில் ஒரு ஓ.எச். தொங்குகிறது, ஃபினைல்அலனினில் அது இல்லை. ரெட்டினாலின் வளையம் இருக்கும் முனையில் ஓ.எச். வந்தால் நிறம் சிவப்புப் பக்கம் போகும். கொக்கி இருக்கும் முனையில், 292-இல் அலனின் போய்ச் செரின் வந்தால், அதே ஓ.எச். நீலப் பக்கம் தள்ளும். ஆழ்கடல் மீன்கள் பலவற்றில் இருப்பது அது. மனிதரின் சிவப்பு ஆப்சினில் 164, 261, 269 மூன்றிலும் ஓ.எச். உள்ள அமிலங்கள்: செரின், டைரோசின், திரியோனின். பச்சையில் அலனின், ஃபினைல்அலனின், அலனின். முதல் இடம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறலாம். நம் சிவப்பையும் பச்சையையும் பிரிக்கும் ஏறக்குறைய 30 நானோமீட்டரில் பெரும்பகுதி இந்த மூன்று இடத்தில்தான்.

கொடுவாவுக்கும் ஜீப்ராவுக்கும் 261, 292 இரண்டிலும் என்ன எழுத்து என்று நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் மடவை, வஞ்சிரம், மத்தி ஆகியவற்றின் ரோடாப்சினையும் தேடிச் சேருங்கள், இன்ட்ரான் சோதனையை மறக்காமல். ஒவ்வொரு மீனின் பெயருக்கு எதிரேயும் அது பிடிபடும் தண்ணீரைக் குறியுங்கள்: ஆழ்கடல், கரையோரம், கழிமுகம். நன்னீர் மீன்களைச் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அவற்றில் பல ரெட்டினாலையே வேறு வடிவத்துக்கு, வைட்டமின் ஏ2 வழியாக வருவதற்கு, மாற்றிக்கொண்டு சிவப்புப் பக்கம் போகும். சிஒய்பி27சி1 என்ற நொதி செய்யும் வேலை அது, ஆப்சின் வரிசையில் சுவடே இருக்காது. 261-இல் எஃப் இருக்கும் நன்னீர் மீனைக் கண்டால், அதன் மரபணுத் தொகுதியில் இந்த நொதியையும் தேடிவிட்டுப் பிறகு எழுதுங்கள்.